கேட்காமல் போனது

மின்விசிறியை நிறுத்தச் சொன்னான் ரிப்கான். ஜன்னலையும் அவனே சாத்தினான். ஹஜ்ஜுப் பெருநாளைக்கு மறுநாள் பகல். காற்று நின்றதும் அறைக்குள் புழுக்கம் ஏறியது. ஹாசிம் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, மருமகன் காட்டியபடி இரண்டு வெள்ளை இயர்பட்ஸையும் காதுக்குள் திருகி இறுக்கிக்கொண்டார்.

"சத்தம் கேக்கிற நேரம் மட்டும் போன்ல தொடுங்க மாமா. கேக்காட்டி சும்மா இருங்க," என்று ரிப்கான் அவருடைய முகத்துக்கு நேரே குனிந்து உரத்துச் சொன்னான். அந்த வீட்டில் எல்லோரும் அவரோடு அப்படித்தான் கதைப்பார்கள். குனிந்து, வாயை அகலத் திறந்து, சின்னப் பிள்ளைக்குச் சோறு ஊட்டுவதைப் போல.

இயர்பட்ஸ் மகன் ஸாஜித் டோஹாவிலிருந்து அனுப்பியது. பள்ளிவாசல்துறையில், போட் எஞ்சின் திருத்தும் ஹாசிமின் கராஜுக்கு வருகிற மீன்பிடிப் பையன்கள் எல்லோருடைய காதிலும் அப்படியொன்று தொங்கியதால், அதைப் போட அவருக்குக் கூச்சம் இருக்கவில்லை. சத்தத்தை முழுதாகக் கூட்டி வைத்து மார்க்க பயான் கேட்பார். வெள்ளிக்கிழமைகளில் மகனோடு கதைப்பார். ஒருமுறை ஒன்று கழன்று எண்ணெய் வாளிக்குள் விழுந்தது. பெற்றோல் துணியால் துடைத்துப் போட்டார், வேலை செய்தது. காது மெஷின் என்றால் கதை வேறு. முன்பு புத்தளத்தில் ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்த மெஷினை வாங்கவே மாட்டேன் என்று நின்றவர் அவர். கடற்கரையில் நின்றபடி, வருகிற போட்டின் எஞ்சின் சத்தத்தை வைத்தே என்ன கோளாறு என்று சொல்லக்கூடியவர் என்று பெயர் எடுத்தவர். தோல் நிறத்தில் ஒரு கொட்டையைக் காதில் செருகிக்கொண்டு அந்தக் கடற்கரையில் நிற்பதா? சத்தம் மங்கிய பிறகு எஞ்சினின் மேல் உள்ளங்கையை வைத்து, அது நடுங்குகிற விதத்தைப் பார்த்தே வேலையைச் சமாளித்து வந்தார். பார்ப்பவர்கள் அதையும் ஒரு வித்தை என்றுதான் நினைத்தார்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு அவருடைய போனைப் பார்த்த ரிப்கான்தான், "உங்கட இயர்பட்ஸுக்கு அப்டேட் ஒண்டு வந்து கெடக்கு மாமா, நீங்க போடவேயில்ல," என்றான். அவற்றைப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியைச் சார்ஜில் போட்டு, பக்கத்தில் போனை வைத்தான். வட்டிலப்பம் சாப்பிட்டு முடிகிற நேரத்துக்குள் அது தன்பாட்டில் வேலையை முடித்திருந்தது.

"இப்ப இது காது மெஷின் மாதிரியும் வேல செய்யும்."

"புதுசு வாங்காமலா?"

"ஓம். சாமான் பழசுதான். உள்ளுக்குப் புதுசா ஒரு வேல படிச்சிட்டு வந்திரிக்கி."

காதுப் பரிசோதனை தொடங்கியது. நுளம்பு தூரத்தில் பறப்பது போல ஒரு சத்தம். தொட்டார். இன்னொன்று. தொட்டார். பிறகு ஒன்றுமேயில்லை. இந்த நேரத்துக்கு ஏதாவது கேட்டிருக்க வேண்டும் என்று ஒரு அனுமானத்தில் தொட்டார். மருமகன் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பதற்காக மறுபடியும் தொட்டார். போன் ஏதோ எழுத்தைக் காட்டியது. ரிப்கான் வாசித்துவிட்டு மெதுவாகச் சிரித்தான்.

"கேக்காம அமத்திரிக்கீங்க மாமா. அது கண்டுபிடிச்சிடும். திருப்பியும் செய்யச் சொல்லுது."

அவருக்கு முகம் சுட்டது. இரண்டாம் தடவை கண்ணை மூடிக்கொண்டு, கேட்டதற்கு மட்டும் தொட்டார். நெடுநேரம் விரல் சும்மா கிடந்தது. முடிந்ததும் திரையில் வந்த கோட்டுப் படத்தைப் பார்த்த ரிப்கான் சிரிக்கவில்லை. "எவ்வளவு காலமா மாமா இப்பிடி?" என்றான். ஹாசிம் கட்டில் விரிப்பின் ஓரத்தை நீவிவிட்டார். ரிப்கான் போனில் எதையோ தொட்டான்.

முதலில் கேட்டது இடுப்பில் உடுத்திருந்த சாரத்தின் சரசரப்பு. பிறகு தன் மூச்சு. கட்டிலின் மரம் தன் பாரத்தில் முனகுவது. ரிப்கான் சாதாரணக் குரலில், குனியாமல், "கேக்குதா?" என்றான். அந்தப் பையனுக்கு இவ்வளவு மென்மையான குரல் என்று இத்தனை வருடத்தில் அவருக்குத் தெரியாது. மகளைக் கட்டிக் கொடுத்ததிலிருந்து அவன் தன்னோடு கத்தித்தான் கதைத்திருக்கிறான்.

"ஒருத்தருக்கும் சொல்லிடாத மகன். மாமிக்கு நானே சொல்லுறன்," என்றார்.

அந்த நினைப்போடுதான் குசினி வாசலுக்குப் போனார். மனைவி மர்ளியா முதுகைக் காட்டிக்கொண்டு பெரிய புரியாணிச் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். உதடு அசைந்துகொண்டிருந்தது. சில வருடங்களாகவே வேலை செய்கிற நேரமெல்லாம் அவளுடைய உதடு அசைவதை அவர் பார்த்திருக்கிறார். திக்ரு செய்கிறாள் என்று நினைத்திருந்தார். பள்ளியில் ஒருதரம், "என்ட மனுசி வாய் ஓயாம ஸலவாத்து ஓதும்," என்று பெருமையாகச் சொல்லியும் இருக்கிறார்.

"…சட்டி கழுவ நான், தின்ன ஊரே வரும். இந்தா வந்து நிக்கிறாரு, தோணி கட்டுற முளை மாதிரி. தேத்தண்ணி வேணுமாக்கும். வாயத் தொறந்து கேட்டா முத்து உதிந்திடும்."

பிறகு அவள் திரும்பி, முகத்தை அகல விரித்து, "தேத்தண்ணியா?" என்று கத்தினாள். அந்தக் கத்தலில், சற்றுமுன் கேட்ட குரலின் ஒரு துளிகூட இல்லை. ஹாசிம் தலையை ஆட்டினார். சொல்ல வந்ததைச் சொல்லவில்லை.

நாளைக்குச் சொல்வோம் என்று நினைத்தார். மறுநாளும் சொல்லவில்லை. அவளுடைய அந்தக் குரலை இன்னும் கொஞ்சம் கேட்கவேண்டும் போலிருந்தது. வழக்கம் போல வீட்டுக்குள்ளும் இயர்பட்ஸைப் போட்டுக்கொண்டு திரிந்தார்; பயான் கேட்கிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். காலையில் பாண் வெட்டும்போது, "இவர்ட சேட்டுப் பொத்தான பாரு, ஒண்டு மேல ஒண்டு கீழ," என்றாள். ஸாஜித் போன் எடுக்காத வெள்ளிக்கிழமை, அடுப்பை ஊதியபடி அவனுக்காக அவளே சாக்குகளைக் கண்டுபிடித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். முழங்கால் நோவதைப் பற்றி ஒரு நாளும் அவரிடம் சொன்னதில்லை. ஆனால் குந்தி எழும்புகிற ஒவ்வொரு முறையும் முழங்காலோடு கதைத்தாள். பக்கத்து வீட்டு லத்தீப் பள்ளிக்குப் போகிறபோது, "வாத்து போவுது, வாத்து," என்றாள். ஹாசிமுக்குச் சிரிப்பு வந்து, இருமலாக்கி மறைத்தார். இவ்வளவு பகிடி தெரிந்த பெண்ணோடா நான் குடும்பம் நடத்தியிருக்கிறேன் என்று கராஜில் எஞ்சினைக் கழற்றும்போதெல்லாம் யோசித்தார். அசர் தொழுகைக்குப் பிறகும் கராஜில் நிற்பவர், இப்போது நேரத்தோடு வீட்டுக்கு வந்தார்.

வெளியிலும் உலகம் மாறியிருந்தது. கடற்கரையில் காற்று வீசினால் காதுக்குள் இரைச்சல்தான். மற்றபடி தூரத்தில் வருகிற எஞ்சினின் இருமல்கூடத் தெளிவாக விழுந்தது. மஃரிபுத் தொழுகைக்குப் பள்ளியில் ஹஸ்ரத் ஓதிய கிராஅத்தைச் சொல் சொல்லாகக் கேட்டு, ஸஜ்தாவில் கண் கலங்கினார். தொழுகை முடிந்து வெளியே வரும்போது லத்தீப் அவருடைய தோளில் தட்டி, "பள்ளிக்குள்ளயும் காதுல பாட்டா ஹாசிம் நானா? வயசு போன நேரத்தில?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்த இடத்தில், "இது பாட்டில்ல, எனக்குக் காது கேக்காது," என்று ஒரு வசனம் சொன்னால் போதும். அவர் பெட்டியை எடுத்து இரண்டையும் கழற்றி வைத்துவிட்டு, சிரித்த முகத்தோடு செருப்பைத் தேடினார்.

ஒருநாள் மர்ளியா மீன் கழுவிக்கொண்டே, "சூடையும் சாளையும் தின்னு தின்னு நாக்குச் செத்துப்போச்சு. ஒரு துண்டு திருக்கை கண்ணால கண்டு எவ்வளவு காலம்," என்றாள். அடுத்த நாள் ஹாசிம் அன்ரனிப்பிள்ளையின் மீன்பிடி போட்டு வருகிற வரை கரையில் நின்று, திருக்கை வாங்கி வந்து குசினியில் வைத்தார். அவள் மீனைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு கத்தியை எடுத்தாள். அன்று அந்தக் கறியை அவள் சாப்பிட்ட விதத்தைப் பார்த்து அவருக்கு வயிறு நிறைந்தது. இப்படியே, ஒன்றும் சொல்லாமலே, விட்டதையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து கொடுத்துவிடலாம் என்று அவருக்கு ஒரு எண்ணம் வந்தது.

அது மர்ளியாவின் காலஞ்சென்ற வாப்பாவுக்கு வருடக் கத்தம் ஓதுகிற நாள் வரைக்கும்தான்.

மர்ளியாவின் குடும்பம் தொண்ணூறில், முஸ்லிம்களை வெளியேற்றியபோது, மன்னாரிலிருந்து வந்தது. அவளுக்கு அப்போது பாவாடை சட்டை வயது. புத்தளத்துக்குக் கிட்ட, பாலாவிப் பக்கம் ஓலைக் கொட்டிலில் இருந்து, பிறகு கல்வீடு கட்டி, கடைசி வரைக்கும் ஊருக்குத் திரும்புகிற கதையையே கதைத்துக்கொண்டிருந்து, அங்கேயே மவுத்தானவர் அவளுடைய வாப்பா. வருடா வருடம் அவருடைய பேரில் சோறு ஆக்கி, பொதி கட்டி அயலுக்குக் கொடுப்பாள். அன்றும் பாயில் உட்கார்ந்து வாழையிலையில் சோற்றை வைத்து மடித்துக்கொண்டிருந்தாள். ஹாசிம் அவளுக்கு நூல் வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவ்வளவு கிட்ட.

"வாப்பாக்கு இந்தக் கத்திரிக்காப் பொரியல் எண்டா போதும்," என்று தொடங்கினாள். நூலைச் சுற்றினாள். குரல் மாறவில்லை. உப்புப் போதாது என்று சொல்கிற அதே தொனி. "மவுத்தாகிறத்துக்கு முந்தின நாள் அசருக்கே என்ட கூடப்பொறந்தவன் நிஸார் கோல் எடுத்திரிக்கான். வாப்பா மர்ளியாவத் தேடுறாரு, உடனே கூட்டிட்டு வாங்க மச்சான் எண்டு சொல்லியிரிக்கான். ஓம் ஓம் எண்டு சொல்லிட்டு, அந்த எஞ்சின் வேலய முடிக்கணும் எண்டு எனக்கு மறைச்சிப்போட்டாரு இந்த மனிசன். ஒரு வார்த்த சொல்லல்ல. இரவு முழுக்க என்ட வாப்பா வாசலப் பாத்திட்டுக் கெடந்திரிக்காரு. நான் இஞ்ச நிம்மதியாத் தூங்கியிரிக்கன். என்ட வாப்பாட கடைசி இரவ ஒரு எஞ்சினுக்கு வித்தவரு, இந்தா, நூல் வெட்டித் தாறாரு."

அவள் கையை நீட்டினாள், அடுத்த நூலுக்கு. ஹாசிம் கொடுத்தார். அவள் அதை வாங்கி அடுத்த பொதியைச் சுற்றினாள்.

நிஸார் கோல் எடுத்த அன்றைக்கு என்ன நடந்தது என்று அவர் பல நாட்களாக யோசித்தார். கராஜில், தண்ணீர் நிரப்பிய பீப்பாயில் எஞ்சினை இறக்கி ஓடவிட்டிருந்த நேரம். போன் வந்தது. திரையில் மைத்துனன் நிஸாரின் பெயர். எஞ்சினை நிறுத்தாமல் கொஞ்சம் தள்ளிப் போய்க் காதில் வைத்தார். தண்ணீர் கொதிப்பதைப் போல ஏதோ கேட்டது. காது மங்கத் தொடங்கிய புதிது. அவருக்கே தெரியும், வேறு ஒருவருக்கும் தெரியாத காலம். நிஸாரிடம் புத்தளத்தில் ஒரு சாமான் எடுத்து வைக்கச் சொல்லியிருந்தார். அதைப் பற்றித்தான் இருக்கும். "ஓம், ஓம்," என்றார். மறுபடி ஏதோ சொன்னான். "ஓம், சரி," என்றார். பக்கத்தில் எஞ்சினைக் கொண்டுவந்த போட்டுக்காரன் நின்றுகொண்டிருந்தான். "கேக்கல்ல, என்ன சொன்னாய்?" என்று கேட்டால் அவன் பார்ப்பான். அதனால் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்தபோது அந்தக் கோலே அவருக்கு ஞாபகத்தில் இல்லை.

மறுநாள் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு மாமனாரின் மவுத்துச் செய்தி வந்தது. வேன் பிடித்துக்கொண்டு போனார்கள். மையித்தின் முகத்தை மர்ளியா பார்த்தாள். அந்த வீட்டில் நிஸார் மர்ளியாவிடம் ஏதோ சொன்னதையும், அவள் திரும்பித் தன்னைப் பார்த்ததையும் ஹாசிம் கண்டிருக்கிறார். துக்கத்தில் பார்க்கிறாள் என்று நினைத்தார். ஆண்களோடு வெளியே கதிரையில் உட்கார்ந்துகொண்டார்.

இப்போது தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு எப்படிச் சொல்வது? நான் மறைக்கவில்லை, எனக்குக் கேட்கவில்லை என்று சொல்லவேண்டுமானால், இவ்வளவு நாளும் நீ கதைத்ததையெல்லாம் ஒட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்பதையும் சொல்லவேண்டும். பெருநாளைக்கு மறுநாளே சொல்லியிருந்தால் சந்தோஷச் செய்தியாக இருந்திருக்கும். இப்போது அது களவு. ஒவ்வொரு நாளும் அவர் வாயைத் திறந்து மூடினார்.

மர்ளியா முட்டாள் இல்லை. அவர் திருக்கையோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. இயர்பட்ஸைப் போட்டிருந்த ஒரு நாள், தண்ணீர்ப் பைப்பு ஒழுகுகிறதென்று அவள் முணுமுணுத்தாள். மறுநாள் அவர் வாஷர் மாற்றினார். முழங்காலுக்குத் தடவ ஒரு எண்ணெய் வாங்கி வந்து அலுமாரியின் மேல் வைத்தார். அவள் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் முணுமுணுப்பு குறைந்து வந்தது. இடையில் நிறுத்தி, அவரை ஓரக்கண்ணால் பார்க்கத் தொடங்கினாள்.

ஒருநாள் அசருக்குப் பிறகு, குசினிக்குப் பின்னால் நிழலில் ஹாசிம் கதிரை போட்டுத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். அவள் அப்பால் முதுகைக் காட்டிக்கொண்டு மா அரித்துக்கொண்டிருந்தாள். "மாவுல வண்டு விழுந்திரிக்கி… வெயில்ல போடணும்… கதிரைக்குக் கீழ பாம்பு… நாளைக்கு இடியப்பத்துக்கு…"

ஹாசிம் இரண்டு காலையும் தூக்கிக் கதிரையின் மேல் வைத்தார். கோப்பை சரிந்து தேத்தண்ணி சாரத்தில் ஊற்றியது.

அரிதட்டின் சத்தம் நின்றது. மர்ளியா மெதுவாகத் திரும்பினாள். கதிரையின் மேல் கோழியைப் போலக் குந்தியிருந்த புருஷனைப் பார்த்தாள். அவளுடைய முகத்தில் முதலில் வந்தது கோபமில்லை. உடுப்பு மாற்றுகிற அறைக்கதவை யாரோ திறந்துவிட்டதைப் போல ஒரு கூச்சம். மாக்கையோடேயே தோளில் கிடந்த முக்காட்டை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். தன் வீட்டில், தன் புருஷனுக்கு முன்னால்.

"எப்ப இருந்து?" என்று கேட்டாள். கத்தவில்லை. பல வருடத்துக்குப் பிறகு அவரிடம் அவள் தாழ்ந்த குரலில் கேட்ட முதல் கேள்வி.

"பெருநாள்ல இருந்து. ரிப்கான் செஞ்சு தந்தது."

"அப்ப கத்தத்துக்குச் சோறு கட்டின அண்டைக்கும்…"

"ஓம்."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். ஹாசிம் காலைக் கீழே இறக்கினார். இனிமேல் மறைக்க ஒன்றுமில்லை என்பது ஒரு விதத்தில் இலேசாக இருந்தது. "மர்ளியா, நிஸார் கோல் எடுத்தது மெய். நான் ஓம் சொன்னதும் மெய்தான். ஆனா அவன் சொன்னது ஒண்டும் எனக்குக் கேக்கல்ல. சாமான் கதை எண்டு நெனச்சிட்டன்."

"கேக்காட்டி, கேக்கல்ல எண்டு சொல்லுறத்துக்கு என்ன?"

"பக்கத்தில ஆள் நிண்டிச்சி. வெக்கமா இருந்திச்சி."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தச் சொல் அவளைச் சமாதானப்படுத்தும், தன் மேலுள்ள பழி இதோடு கழுவிப் போகும் என்று ஏதோ ஒரு மூலையில் அவர் நம்பியிருந்தார். அவளுடைய முகம் அப்படி மாறவில்லை.

"வெக்கமா?" என்றாள். "வெக்கத்துக்காகவா?"

ஹாசிம் தேத்தண்ணி ஊறிய சாரத்தைப் பிழிந்தார்.

"எஞ்சினுக்காக எண்டு நெனச்சிட்டு இருந்தன். இந்த வீட்டு அடுப்பு எரியத்தானே அந்த எஞ்சின், எண்டு சொல்லிச் சொல்லி என்ட மனச அடக்கினன். இப்ப வந்து வெக்கமாம்." அவள் கையிலிருந்த மாவைத் தட்டினாள். "அப்ப இத்தன காலமும் நான் ஏசினது ஆர?"

"நீ என்னட்ட ஒரு நாளாவது கேட்டிருக்கலாமே," என்றார். சொன்ன உடனேயே, சொல்லியிருக்கக் கூடாது என்று தெரிந்தது.

"எப்பிடிக் கேக்கிறது? கத்தியா? முதல் கொஞ்ச நாள் வாய் வரல்ல. பிறகு உங்களுக்குக் காது போயிட்டு. அயல் முழுக்கக் கேக்கக் கத்தினாத்தானே உங்களுக்குக் கேக்கும். இதக் கத்திக் கேக்கேலுமா?"

அவள் மாவை மூடி வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் சண்டை நடக்கவில்லை. நடந்திருந்தால் நன்றாயிருக்கும் என்று ஹாசிமுக்குப் பட்டது. மர்ளியா அவரோடு சாதாரணக் குரலில் கதைத்தாள். சோறு போடவா, போதுமா, பள்ளிக்கு நேரமாகுது. வந்த விருந்தாளியோடு கதைப்பதைப் போலச் சுருக்கமாக, மரியாதையாக. வேலை செய்யும்போது உதடு மூடியே இருந்தது. தேங்காய் துருவுகிற சத்தம், பைப்புச் சத்தம், கிளறுகிற கரண்டிச் சத்தம் எல்லாம் துல்லியமாகக் கேட்டன. அவர் வீட்டுக்குள் நுழைந்ததும் இயர்பட்ஸைக் கழற்றி, அவள் காணும்படி மேசையில் பெட்டியைத் திறந்து, உள்ளே வைத்து மூடத் தொடங்கினார். காது முன்பு போல அடைத்துக்கொண்டது. ஆனால் அவளுடைய உதடு அப்போதும் அசையவில்லை. சொல்வதற்கு ஒரு செவிடன் இருந்தான் அவளுக்கு. அவனை நான் இல்லாமலாக்கிவிட்டேன் என்று ஹாசிம் நினைத்துக்கொண்டார்.

ரிப்கான் ஒரு நாள் போன் எடுத்தான். இன்னொரு அப்டேட் வந்திருக்கிறதாம். "இனி முன்னுக்கு நிக்கிறவங்கட கதை கூடுதலாக் கேக்கும் மாமா. பின்னுக்கு வாற சத்தம் அமந்திடும். சந்தைக்குள்ள நிண்டாலும் கதை வெளங்கும். விருப்பமில்லாட்டி போன்ல பழைய மாதிரி மாத்திக்கொள்ளலாம், நான் சொல்லித் தாறன்."

"இல்ல, புதுசே கெடக்கட்டும்," என்றார் ஹாசிம்.

பெட்டியைச் சார்ஜில் போட்டு, பக்கத்தில் போனை வைத்து, அது முடிகிற வரைக்கும் முன்னால் உட்கார்ந்திருந்தார். பிறகு போட்டுக்கொண்டு கடைத்தெருப் பக்கம் நடந்து பார்த்தார். பின்னால் வந்த ஓட்டோ ஹோர்ன் அடித்ததுகூடத் தூரத்தில் எங்கோ போலத்தான் கேட்டது. வீட்டுக்கு வந்து குசினி வாசலில் நின்று சொன்னார்:

"புதுசா மாத்தம் ஒண்டு வந்திச்சி. பின்னுக்கு நிண்டு மெதுவாக் கதைச்சா இனி எனக்குக் கேக்காது."

மர்ளியா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"அத நான் எப்பிடி நம்புறது?" என்றாள்.

அவர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். உரித்த வெங்காயத்தைத் தட்டில் போட்டுவிட்டு அவளே சொன்னாள்: "நிஸாருக்குச் சொல்லுங்க. அவனும் என்னப் போலத்தான் நெனச்சிட்டு இரிக்கான். நீங்களே உங்கட வாயால சொல்லுங்க."

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாலாவிக்குப் போனார்கள். பஸ்ஸில் மர்ளியா ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். நுரைச்சோலை தாண்டும் வரைக்கும் வெளியையே பார்த்துக்கொண்டு வந்தாள். நிஸாரின் வீட்டில் தேத்தண்ணியும் பிஸ்கட்டும் வந்தன. ஹாசிம் கோப்பையைத் தொடாமல், நிஸாரின் முகத்தைப் பார்த்து, அன்று தனக்குக் கேட்கவில்லை என்று சொன்னார். காது அப்போதே மங்கத் தொடங்கியிருந்ததென்று சொன்னார். இயர்பட்ஸைக் கழற்றிக் காட்டி, இது பாட்டுக் கேட்பதற்கு இல்லை என்றும் சொன்னார்.

நிஸார் தாடியைத் தடவிக்கொண்டு தரையைப் பார்த்தான். ஹாசிம் இயர்பட்ஸைத் திரும்பப் போட்டுக்கொள்கிற வரை காத்திருந்தான். குரலில் கோபம் இல்லை.

"நான் ரெண்டு தரம் சொன்னன் மச்சான். வெளங்கினதோ எண்டு ஒரு பயத்தில ரெண்டாம் தரமும் சொன்னன். ரெண்டு தரமும் ஓம் எண்டீங்க." பிறகு, "நான் ஒரு தரம் மர்ளியாட போனுக்கும் எடுத்திருக்கலாம். நீங்க ஓம் எண்டதால எடுக்கல்ல," என்றான்.

மர்ளியா உள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நிஸாரின் மனைவி வந்து, தேத்தண்ணி ஆறிவிட்டது, வேறு கொண்டு வருகிறேன் என்று கோப்பைகளை எடுத்துப் போனாள்.

திரும்புகிற வழியில், வாப்பாவை அடக்கிய மையவாடிக்குப் போகவேண்டும் என்றாள் மர்ளியா. கம்பி வேலிக்கு அப்பால் உப்பளத்துப் பாத்திகள் வெயிலில் பளபளத்துக்கொண்டிருந்தன. உப்பு குவித்து ஓலையால் மூடியிருந்தார்கள். பெண்கள் உள்ளே போகிற வழக்கம் இல்லை. மர்ளியா வாசலுக்கு வெளியே நின்றுகொண்டாள். ஹாசிம் செருப்பைக் கழற்றிவிட்டு, மண்ணில் நடந்து, மாமனாரின் கபுறடிக்குப் போனார். தலைமாட்டில் நட்ட மரம் வளர்ந்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. வாசலுக்கு முதுகைக் காட்டி நின்று ஸலாம் சொன்னார். கையை ஏந்தினார்.

துஆ முடிந்த பிறகும் கையை இறக்கவில்லை. பின்னால் மர்ளியா நிற்கிறாள். கதைக்கிறாளா, சும்மா நிற்கிறாளா என்று, பின்சத்தத்தை அமர்த்திய இயர்பட்ஸில் தெரியவில்லை. களப்புத் தண்ணீர்ப் பக்கமிருந்து காற்று வீசிக்கொண்டிருந்தது. முன்னாலிருந்து வருகிற காற்றின் இரைச்சல் மட்டும் காதுக்குள் நிறைந்தது. திரும்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். கதைத்துக்கொண்டிருந்தால், திரும்பிய உடனே நிறுத்திவிடுவாள். அவர் திரும்பவில்லை. கை வலிக்கத் தொடங்கியது. அப்படியே ஏந்திக்கொண்டு நின்றார்.

வேலிக்கு அப்பால், பாத்தி வரம்பில் வரிசையாக நின்றிருந்த கொக்குகள், அவருக்குப் பின்னாலிருந்து வந்த, அவருக்குக் கேட்காத ஏதோ ஒரு சத்தத்துக்குக் கலைந்தது போல, எல்லாம் ஒன்றாக எழும்பின. வெள்ளையாக ஒரு வட்டம் சுற்றி, தாழப் பறந்து, தூரத்துப் பாத்தியொன்றில் ஒவ்வொன்றாக இறங்கின.